களங்காணச் செல்வோர் கடன்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் ஓர் ஆற்றுப்படை நூல். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், அவனை நாடிச் செல்லும் மற்றொரு கூத்தர் குழுவிற்கு வழி கூறுவதாக அமைந்தது அப் பாட்டு. எவ்வழி வழுக்கும், எவ்விடத்து விலங்கு திரியும், எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் விரித்துரைக்கும் புலவர், வழியில் நடுகற்கள் நிற்கும் என்பதையும் மறவாது கூறுகின்றார். பகைவர் முன் புறங்கொடாது நின்று மாய்ந்த மறவர்க்கு எடுக்கப்பெற்ற கற்கள் அவை. அவற்றைக் கண்டால் வாளா கடந்து போகாதீர்கள். அவர் உவக்குமாறு யாழிசைத்துப் பாடுங்கள். பின்னர் விரைந்து செல்லுங்கள் என்பது அவர் அறிவுரை. போர் நிகழ்ந்த நிலத்தின் வழியே செல்பவனுக்கு ஒரு கடன் உண்டு என்பதைத் தமிழர் இவ்வாறு வழிகாட்டி நூலிலேயே எழுதி வைத்தனர்.

கல் நடுவதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். தக்க கல்லைத் தேடிக் காண்பது முதலாகப் பின்னோர் அதனை வாழ்த்துவது ஈறாக ஒவ்வொன்றும் முறைப்படி நிகழவேண்டும். அக் கல்லில் மறவனுடைய பெயரும் பீடும் பொறிக்கப்பெற்றன, மயிற்பீலி சூட்டப்பெற்றது. அகநானூறு இன்னொன்றையும் கூறுகின்றது. கூரிய உளியால் வெட்டிய எழுத்துகள் தேய்ந்து போக, அவ்வழிச் செல்வோர்க்கு அவை வேறு பொருளைத் தந்து நிற்கின்றனவாம். எழுத்துத் தேய்ந்தால் வரலாறு திரியும் என்னும் உண்மையை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

இவையெல்லாம் புலவர் புனைவு என்று எவரேனும் கருதுவாராயின், அவர் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பைக்குச் செல்க. 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் அவ்வூரில் தமிழிக் கல்வெட்டுடைய நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் மாய்ந்தவனுக்கு எடுக்கப்பெற்றது. தீயன் அந்தவன் என்று அவன் பெயரைக் கல் இன்றும் சொல்லுகின்றது. ஆநிரைக்காக ஈராயிரம் ஆண்டுகட்கு முன் உயிர்விட்ட ஒரு சிற்றூர் மறவனின் பெயர், ஊர், அவன் மாய்ந்த பூசல் ஆகிய அனைத்தும் இற்றைத் தமிழனுக்குத் தெரியும்!

அன்பர்களே! இந்தச் செய்தியை உள்ளத்தில் நிறுத்திக்கொண்டு இனிக் கடல்கடந்து வாருங்கள்.

பழைய போர்க்களங்களைச் சென்று காண்பது இக்காலத்தில் உலகெங்கும் பெருகியுள்ளது. பெல்சிய நாட்டில் ஈப்பர் என்றோர் ஊர் உண்டு. முதல் உலகப்போரில் அவ்வூரைச் சுற்றியே பெரும்போர்கள் நடந்தன. அங்குள்ள மேனின் வாயில் 1927-இல் திறக்கப்பெற்றது. உடல் கிடைக்காமற் போன படைஞர் 54,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களிற் பொறிக்கப்பெற்றுள்ளன. 1928 முதல் மாலை எட்டு மணிக்கு அங்கே ஊதுகொம்பு இசைத்து வணக்கம் செலுத்துகின்றனர். இரண்டாம் உலகப்போரில் செருமானியர் அவ்வூரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் மட்டும் அது தடைப்பட்டது. காணச் செல்வோர் பெயர்ப்பட்டியலில் விரலோட்டித் தம் பாட்டனின் பெயரைத் தேடுகின்றனர். உடல் இல்லை, எலும்பும் இல்லை, பெயர் இருக்கின்றது. பெயர் இருப்பதால் பேரன் வருகின்றான். ஈப்பர் என்ன, புலிமான்கோம்பை என்ன, உண்மை ஒன்றே.

இனித் தமிழன் காணவேண்டிய களத்துக்கு வருவோர் தாய்லாந்து நாட்டின் மேற்கிலுள்ள காஞ்சனபுரிக்குச் செல்லவேண்டும். பெயர் வடசொற்பெயர், பொன்னூர் என்பது அதன் பொருள். பாங்காக்கிலிருந்து சில மணிநேரத்தில் அங்குச் சென்று சேரலாம். நகருக்கு அண்மையில் ஆற்றின்மேல் கரிய இரும்புப் பாலம் ஒன்று நிற்கின்றது. நாள்தோறும் பன்னாட்டு மக்கள் அதன்மேல் நடக்கின்றனர், நிழற்படம் எடுக்கின்றனர், பாலத்தடியில் விற்கும் பொருள்களை வாங்குகின்றனர். தொடர்வண்டி வரும்போது ஓரமாக ஒதுங்கி நின்று கையசைக்கின்றனர். அவருட் பெரும்பாலாரை அங்கு ஈர்ப்பது 1957-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படம். பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952-இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது அது. படம் எடுக்கப்பெற்றதோ தாய்லாந்தில் அன்று. இலங்கையில் களனி ஆற்றங்கரையில், கித்துல்கல என்னும் இடத்தில். உண்மைப் பாலம் நின்றது மேகுலோங் என்னும் ஆற்றின்மேல். படத்தின் புகழ் பரவியபின் அவ்வாற்றின் மேற்பகுதிக்கே குவாய் என்னும் பெயரைச் சூட்டிவிட்டனர்! கதைக்கேற்ப ஆற்றின் பெயர் மாறியது. பாலங்கட்டியோர் கதையோ எவராலும் தேடப்பெறவில்லை.

புதினம் எழுதிய அப் பூல், போருக்கு முன் மலேயாவின் பால்மரத் தோட்டத்தில் பொறியாளராக இருந்தவர். அத்தகைய தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர் தமிழர். ஆயினும் உலகம் கண்டு வியந்த அந்தப் படம் சிறைப்பட்ட வெள்ளைப் படைஞரைப் பற்றியதாகவே அமைந்தது.

நடந்தது என்ன? 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தது. பருமாவில் நிற்கும் படைக்கு உணவும் படைக்கலமும் கடல்வழியே அனுப்புதல் நீர்மூழ்கிகளின் தாக்குதலால் இடராயிற்று. ஆகவே, தாய்லாந்தையும் பருமாவையும் மலைக்காட்டினூடே இருப்புப்பாதையால் இணைக்கச் சப்பானியர் முனைந்தனர். நொங்பிலாதுக்கிலிருந்து தான்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர். 1942-இன் நடுவில் வேலை தொடங்கிற்று. இரு முனைகளிலிருந்தும் போடப்பெற்ற தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17-ஆம் நாள் ஒன்றையொன்று தொட்டன. மலையைக் குடைய உளியும் சம்மட்டியும் வெடிமருந்துமே இருந்தன. மண் சுமக்கக் கூடை இருந்தது. சுமந்தது மாந்தன் தோள்.

அந்தத் தோள்கள் எவருடையவை? ஆங்கிலர், ஆத்திரேலியர், ஒல்லாந்தர், அமெரிக்கர் ஆகிய போர்ச்சிறையர் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழ 12,000-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். பருமியர், தமிழர், மலாயர், சாவகர், சீனர் ஆகிய ஆசியத் தொழிலாளரோ ஒன்றே முக்கால் இலக்கத்துக்கு மேற்பட்டோர். அவருள் மடிந்தோர் எண்பதாயிரம் முதல் ஓரிலக்கம் வரை இருக்கலாம் என்பது கணிப்பு. மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பெற்றவர் மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் என்பர். அவருட் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர்.

இவ் வேறுபாட்டை ஊன்றி நோக்குங்கள். சிறைப்பட்ட படைஞருள் மடிந்தவர் எத்தனை பேர் என்பது கணக்கு. தொழிலாளருள் மடிந்தவர் எத்தனை பேர் என்பது கணிப்பு. கணக்கிற்கும் கணிப்பிற்கும் இடைப்பட்ட அந்த வெளியில்தான் பல்லாயிரம் தமிழர் புதைந்து கிடக்கின்றனர்.

போரால் கப்பல் போக்குவரத்து நின்றது, தோட்டங்கள் முடங்கின, தொழிலாளர் வயிறு காய்ந்தது. சில திங்கள் வேலை, நல்ல கூலி, உணவு, உறையுள் என்று சொல்லி முதலில் ஆள்திரட்டினர். அச் சொல்லை நம்பிச் சிலர் மனைவி மக்களோடும் சென்றனர். போனவர் மீளாமை கண்டு பிறர் அஞ்சிய பின்னர், பிடித்து ஏற்றினர். சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு வடக்கே சென்றவர், இருப்புப்பாதை முடியுமிடத்தில் இறங்கிக் கொட்டும் மழையிலும் காட்டுச் சேற்றிலும் நெடுந்தொலைவு நடந்தனர்.

1943-இன் மழைக்காலத்தில் கக்கல்கழிச்சல் நோய் பரவியது. வேலையை விரைந்து முடிக்குமாறு சப்பானியர் வதைத்த காலமும் அதுவே. சிறைப்பட்ட படைஞர்க்குள் மருத்துவர் இருந்தனர். ஒழுங்கு கற்பிக்க அலுவலர் இருந்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும், கழிவிடத்தைத் தொலைவில் தோண்டவும் அவர்கள் கட்டளையிட்டனர். தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய துணை எவரும் இலர். சிறைப்பட்டோரிலிருந்து இரு மருத்துவக் குழுவினர் அவ்வாண்டில் தொழிலாளர் குடில்களுக்கு அனுப்பப்பெற்றனர். ஆயினும், அத்துணைப் பெருங்கூட்டத்திற்கு அது காட்டுத்தீயில் தெளித்த கைந்நீரே. நோயுற்றவர் மூங்கிற் குடில்களில் விழுந்தார், விழுந்தவர் எழவில்லை, புதைத்தவரும் மறுநாள் புதைக்கப்பட்டார். எவர் பெயரை எவர் எழுதுவது?

இனிக் காஞ்சனபுரியின் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையுங்கள். தொடர்வண்டி நிலையத்துக்கு அண்மையில் அது உள்ளது. வெட்டிச் செப்பனிட்ட புல்வெளி. வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், அகவை, படைப்பிரிவு, மாய்ந்த நாள். ஏறத்தாழ 7,000 பேர் அங்கு நினைவுகூரப்பெறுகின்றனர். ஆற்றின் அக்கரையில் சுங்காய் என்னுமிடத்தில் 1,700-க்கு மேற்பட்டோர். பருமாவின் தான்பியூசாயத்தில் 3,700-க்கு மேற்பட்டோர். மகனை இழந்த தாய் எழுதித் தந்த சொற்களும் சில கற்களில் உள்ளன. கல்நெஞ்சனும் அங்குக் கண்கலங்குவான். கலங்குதலே முறை. அயலவன் பிள்ளையும் பிள்ளையே.

அப் பெயர்கள் எவ்வாறு கிடைத்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறைப்பட்டோர் தம்முள் மடிந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாக எழுதினர். மூங்கிலுக்குள் ஒளித்தனர், தோழர் கல்லறையிலேயே ஏடுகளைப் புதைத்தனர். கண்டுபிடிக்கப்பட்டால் கடுந்தண்டனை என்றறிந்தும் எழுதினர். 1945-இல் போர் முடிந்தவுடன், ஒரு குழு இருப்புப்பாதை நெடுகச் சென்று 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. தொழிலாளர் புதைகுழிகளைத் தேடி அவ்வாறொரு குழு செல்லவில்லை. அவர்கள் படைஞர் அல்லர். ஆகலின், படைஞர் கல்லறைகளைப் பேணும் ஆணையத்தின் பொறுப்புக்குள்ளும் அவர்கள் வரவில்லை. முதல் உலகப்போரில் மாய்ந்த ஆசிய, ஆப்பிரிக்க மக்களுள் மிகப் பலரைப் பெயரிட்டு நினைவுகூரத் தவறியதை அவ்வாணையமே 2021-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் ஒப்புக்கொண்டுள்ளது. படையில் பணிசெய்தவர்க்கே அந்நிலையெனின், பால்மரத் தொழிலாளியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

தமிழெழுத்து அங்கு அறவே இல்லையோ எனின், உண்டு. பாலத்துக்கு அண்மையில் சப்பானியப் படை 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்றுள்ளது. மடிந்தோர் உயிர் அமைதியுறுக என்னும் கருத்தில் பல மொழிகளில் அங்குக் கல்வெட்டு வைத்தனர். அவற்றுள் தமிழும் ஒன்று. வதைத்து வேலை வாங்கிய கைகளே தமிழில் இரங்கல் எழுதின! மொழி இருக்கின்றது, பெயர் ஒன்றுகூட இல்லை. தமிழர் மடிந்தனர் என்பதற்கு அஃதொரு சான்று. எந்தத் தமிழர் என்பதற்கு அது சான்றாகாது. அந்தப் பாதையில் ஓடிய பொறிவண்டி ஒன்று தோக்கியோவில் உள்ள போர்க் காட்சியகத்தில் எண்ணும் பெயரும் இட்டுப் பளபளக்கத் துடைத்து வைக்கப்பெற்றுள்ளது. வண்டிக்கு எண் உண்டு; வழி அமைத்தவனுக்குப் பெயர் இல்லை.

1990-இல் காஞ்சனபுரி நகரையொட்டிய நிலம் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியிலிருந்து வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை அவை என்று முடிவுசெய்யப்பெற்றது. அத்தகைய எலும்புகளுட் சில, காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பெற்றுச் சுற்றுலா வந்தோர்க்குக் காட்டப்பெற்றன. கல்லின் கீழ் அமைதியுறவேண்டியவன் கண்ணாடியின் கீழ் காட்சிப்பொருளானான்!

இத்துணை ஆண்டுக்கால இருளில் ஓர் ஒளியும் தோன்றியது. மலேசியத் தமிழருள் சிலர் விடாது முயன்றனர்; தமிழ்நாட்டரசும் பொருளுதவி செய்தது. அதன் பயனாக 2023-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியின் தாவோன் வராராம் என்னும் புத்தக் கோயில் வளாகத்தில் நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது. தொழிலாளர் பல்லாயிரவரின் எலும்புகளை முன்னரே ஏற்று அடக்கம் செய்து காத்துவந்த கோயில் அது. நடுகல் என்னும் தூய தமிழ்ப்பெயராலேயே அக்கல் வழங்குகின்றது. எண்பதாண்டு கழிந்தாயினும் தமிழ்மரபு அயல்மண்ணில் தலைநிமிர்ந்தது. அம் முயற்சியாளர் வாழ்த்துதற்குரியர்.

ஆயினும், தொல்காப்பியர் வகுத்த முறையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். கல் கண்டாயிற்று, நட்டாயிற்று, வாழ்த்தும் ஆயிற்று. அதில் எழுதவேண்டிய பெயர் எங்கே? பல்லாயிரம் பேர்க்கு ஒரே கல் நிற்கின்றது. தீயன் அந்தவனுக்குக் கிடைத்த பேறு அவன் வழிவந்தோர்க்குக் கிடைக்கவில்லை. இதற்குச் சப்பானியனை மட்டும் குறைசொல்லித் தமிழன் தப்பிவிட முடியாது. ஆங்கிலனை மட்டும் பழித்தும் பயனில்லை. அவரவர் தத்தம் மக்களின் பெயரைத் தேடி எழுதினர். தமிழன் தேடவில்லை. போர் முடிந்தபின் தோட்டங்களில் கைம்பெண்களும் தந்தையற்ற பிள்ளைகளும் நிறைந்திருந்தனர். அன்று ஒரு சுவடியும் ஓர் எழுதுகோலும் கொண்டு தோட்டந்தோறும் சென்றிருந்தால், ஆயிரக்கணக்கான பெயர்கள் கிடைத்திருக்கும். அன்று செல்லாமற் போனது பெரும்பிழை. இன்றும் செல்லாதிருப்பது அதனினும் பெரும்பிழை.

காலம் இன்னும் முழுதும் கடந்துவிடவில்லை. மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் சென்றது பெரும்பாலும் எங்கிருந்து? ஆர்க்காட்டிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் அன்றோ? போர் தொடங்கியதும் அங்கிருந்து வந்த மடல்கள் நின்றுபோயின. போர் முடிந்தபின் சிலர் மீண்டும் எழுதினர். சிலரிடமிருந்து செய்தியே இல்லை. பினாங்குக்குப் போனவர், வரவில்லை என்று இன்றும் சில வீடுகளில் ஒரு பாட்டனின் உடன்பிறந்தாரைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்த வரவில்லை என்னும் ஒரு சொல்லுக்குள் இந்த இருப்புப்பாதையின் ஒரு கட்டை கிடக்கலாம்.

ஆதலின் களங்காணச் செல்வோர்க்கும் செல்லாதோர்க்கும் உரிய கடனைச் சொல்லி இவ்வுரை நிறைவுறும்.

முதலாவது, செல்லுமுன் கேளுங்கள். தம் குடும்பத்திலும் ஊரிலும் மலேயா சென்று மீளாதவர் எவர் என்று முதியோரைக் கேட்டு, அவர் பெயர், தந்தை பெயர், ஊர், சென்ற ஆண்டு, தோட்டத்தின் பெயர் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். ஐந்தும் கிடைக்காவிடின் கிடைத்ததை எழுதுங்கள். ஐயமுள்ளதை ஐயமென்றே குறியுங்கள். பொய்ப்பெயர் பொறித்த கல்லினும் பெயரில்லாக் கல்லே மேல்.

இரண்டாவது, அங்குச் சென்றால் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். கல்லறைத் தோட்டத்தில் அயலவர் பெயர்களைப் படியுங்கள். பெயர் பேணுவது எப்படி என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆத்திரேலியர் 1998-இல் காட்சியகம் அமைத்த எரிநரகக் கணவாயையும் காணுங்கள். தீப்பந்த ஒளியில் இரவெல்லாம் பாறை உடைத்தோரின் தோற்றங்கண்டு சிறைப்பட்டோர் இட்ட பெயர் அது. தமிழ்த் தொழிலாளரும் வருந்திய இடம் அது. பின்னர் அந்தப் புத்தக் கோயிலுக்குச் சென்று, நடுகல்லின் முன் நில்லுங்கள். கொண்டுசென்ற பெயரை அங்கு உரக்கப் படியுங்கள். யாழிசைத்துப் பாடச் சொன்னார் மலைபடுகடாம் பாடிய புலவர். யாழ் இல்லையெனினும் நா உண்டு. பெயரைச் சொல்லுதலே அங்குப் பாட்டு.

மூன்றாவது, மீண்டு வந்தபின் பள்ளிகளிலும் மன்றங்களிலும் சொல்லுங்கள். ஊர்தோறும் ஒரு பெயர்ச்சுவடி தொடங்கட்டும். பெயர்கள் திரண்டால் கல் தானே கிடைக்கும். பெயரின்றி எத்துணை உயர்ந்த கல்லை நாட்டினும் அது வெறுங்கல்லே.

காஞ்சனபுரியிலிருந்து மேற்கே நாம்தோக் வரை இன்றும் தொடர்வண்டி ஓடுகின்றது. பாறைச் சரிவையொட்டிய மரப்பாலத்தின்மேல் அது மெல்ல ஊர்ந்து செல்லும்போது, அவ்வழகு கண்டு எல்லாரும் பலகணி வழியே தலைநீட்டுகின்றனர். அவ்வண்டியில் இருந்து செல்லும் தமிழன், ஒரு பெயரையேனும் கையில் வைத்திருப்பானாக!